மாஸ்டரின் நீலத் தவளை

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இப்போது பெரிய மாடிக் கட்டடம் நிற்கும் இடத்தில், முன்பு ஒரு லொட்ஜ் இருந்தது. சண்டைக் காலம். அறைகள் முழுக்க விசாவுக்குக் காத்திருந்த யாழ்ப்பாணத்து ஆட்கள்; தங்க வரும் ஒவ்வொருவரையும் பொலிஸில் பதிய வேண்டும். ஐந்தாம் வகுப்போடு தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்த நான் அங்கே துணி துவைத்தேன். சனிக்கிழமைகளில் அவர்களுடைய வெள்ளைச் சேட்டுகளுக்கு நீலம் போடுவேன். ரயில் போகும்போது கொடியில் சேட்டுகள் எல்லாம் ஒன்றாக ஆடும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமை, மழை விட்ட நேரம், நீல வாளியின் விளிம்பில் பெருவிரல் அளவு தவளை ஒன்று இருந்தது. நல்ல நீல நிறம். வாளிக்குள் விழுந்து ஏறியிருக்கும் என்று குழாயடியில் பிடித்துக் கழுவினேன். தண்ணீர் தெளிவாகவே ஓடியது. தவளை நீலமாகவே இருந்தது.

மேல்மாடியில் ஒரு மாஸ்டர் இருந்தார். ஊரில் உயிரியல் படிப்பித்தவர். வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போக இரண்டு முறை விசா கேட்டு, இரண்டு முறையும் இல்லை என்றுவிட்டார்கள். அதன் பிறகு அறையை விட்டு வருவதில்லை. சாப்பாடு பாதி திரும்பி வரும். அவரோடு பேச எனக்குக் கூச்சம். ஆனாலும் தவளையை ஜாம் போத்தலில் போட்டுக்கொண்டு போய் நீட்டினேன்.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டார்.

“விரல் நுனியளைப் பாரும் தம்பி, வட்டம் வட்டமாய். மரத்தவளை. பச்சைத் தவளைக்குத் தோலிலை மஞ்சள் இல்லாமல் போனால் இப்பிடி நீலமாய்த் தெரியுமாம். படிச்சிருக்கிறன். கண்டதில்லை.”

லொட்ஜ் நடத்திய அக்கா வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். “மாஸ்டர், உதுக்குப் பொலிஸ் பதிவு இருக்கோ? இல்லாட்டி என்னையெல்லோ பிடிப்பாங்கள்.”

“அடையாள அட்டைதான் எழுதிக்கொண்டிருக்கிறன் அக்கா!”

மாஸ்டர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். இரண்டு நாள் கொப்பியில் தவளையை வரைந்தார், அளந்தார், தட்டை வழித்துச் சாப்பிட்டார். நான் ஈ பிடித்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மேசையில் ஒரு ஸ்பிரிட் போத்தல் இருந்தது.

“நாளைக்கு இதுக்குள்ளை போட்டு, கம்பஸிலை படிப்பிக்கிற ஒராளிட்டைக் குடுக்கப்போறன். புது இனமோ ஆருக்குத் தெரியும்?”

“உசுரோட குடுக்க முடியாதுங்களா மாஸ்டர்?”

“செக்பொயின்ரிலை ஆமிக்காரன் போத்தலைத் திற எண்டுவான். இது பாய்ஞ்சால் அவனும் துவக்கோடை பாய்வான்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்த உயிர். வேண்டாம் என்று சொல்ல வாயும் வரவில்லை.

மறுநாள் காலை வெள்ளைத் துணி ஒன்றின் நுனியை நீலத் தண்ணீரில் தோய்த்துக் காய வைத்தேன். மாஸ்டரின் அறைக்குப் போய், தவளையைத் துடைப்பதுபோலத் துடைத்து, அந்த நுனியைக் காட்டினேன்.

“சேட்டுக்குப் போடுற நீலந்தாங்க மாஸ்டர். சாயம் போகுது பாருங்க.”

மாஸ்டர் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொப்பியை மூடினார். அந்த முகத்தைப் பார்த்தபோது, உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இருந்தது.

“அப்ப பாவமெல்லே இது,” என்றார். “தோலாலையும் மூச்சு விடுற சீவன். சாயம் ஊறினால் செத்துப்போம்.”

போத்தலைத் தூக்கிக்கொண்டு அவரே கீழே இறங்கினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு படியிறங்கினார். குழாயடியில் குந்தி, தவளையை உள்ளங்கையில் வைத்து மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். கையில் சொட்டு நீலம் ஒட்டவில்லை. கையைப் பார்த்தார். என் தோளில் கிடந்த துணியைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“நாலு மழைக்குச் சாயம் போயிடும்,” என்றார்.

எழும்பிப் போய், மதிலோரம் சின்னச் சிவப்புப் பழங்களோடு நின்ற ஜாம் மரத்தின் கொப்பில் கையை வைத்தார். தவளை உடனே ஏறவில்லை. அது ஏறி இலைக்குள் மறையும்வரை அவர் கையை எடுக்காமல் நின்றார்.