உம்மாவின் இருமல் கேட்கிற தூரத்தில்

என் வீட்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பட்டியல் போடுகிற எண்ணம் வந்தது. செடிக்கு விடுவதுபோல வீட்டுக்கும் விட வேண்டும். புதிதாகப் போட்ட கொங்கிறீட் வெடிக்காமல் இறுக வேண்டுமானால் காலையும் மாலையும் நனைக்க வேண்டும் என்பது மேசனின் கட்டளை. கம்பஸ் படிப்பு முடிந்து வேலையில்லாமல் இருந்தவள் நான்தான் என்பதால் ஹோஸ் பைப் என் கைக்கு வந்தது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அதை என் வீடு என்று சொல்வதில் பெருமை ஒன்றுமில்லை. கிழக்கிலங்கைக் கரையில், எங்கள் கல்முனைக்குடியில், பெண் பிள்ளை பிறந்தால் வாப்பாமார் வீடு கட்டுவதைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெண் எங்கும் போவதில்லை. ஒரே வளவுக்குள் நாற்பது எட்டு எடுத்து வைத்து உம்மாவின் வீட்டிலிருந்து தன் வீட்டுக்குப் போவாள், அவ்வளவுதான். நான் ஒரே பிள்ளை. வாப்பா வயல் செய்கிறவர். ஒரு போகத்தில் அத்திவாரம், அடுத்த போகத்தில் சுவர் என்று வெள்ளாமை விளைந்த அளவுக்கு வீடும் வளர்ந்தது. வெள்ளம் வந்த வருடம் சுவர் ஜன்னல் மட்டத்தோடு நின்றுவிட்டது.

அன்று காலை மேல்தட்டில் நின்று, இன்னும் மூடாத மற்றப் பக்கத்து அறைகளைக் கீழே பார்த்தேன். இது சமைக்கும் குசினி, இது படுக்கையறை, இது விருந்தாளிகள் இருக்கும் இடம். ஐம்பது வயதில் எந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரிப்பேன் என்பதுகூடத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்தால் கிழக்கே கடல். பிறந்ததிலிருந்து அதன் சத்தத்தில் தூங்குகிறேன், முழங்காலுக்கு மேல் அதில் இறங்கியதில்லை. ஒரு கடையில் தனியாக இருந்து சாப்பிட்டதில்லை. அம்பாறைக்குத் தனியாக பஸ் ஏறியதில்லை. பைப்பைப் போட்டுவிட்டு ஏணியால் இறங்கி ஓடினேன். வெற்றுச் சீமெந்துப் பையொன்றைக் கிழித்து, மேசனின் பென்சிலால் எழுதத் தொடங்கினேன்.

“என்ன புள்ள, கல்லுக் கணக்கா?” என்றார் மேசன்.

“இல்ல, இன்னும் செய்யாத வேலையெல்லாம் எழுதிறன்.”

“அப்ப படிக்கட்டையும் எழுது. நான் இன்னும் செய்யல்ல.”

பதினொரு விஷயங்கள் வந்தன. அடுத்த நாளே தொடங்கினேன். எனக்கு எதையும் ஆறப்போட வராது.

முதலாவது, தனியாகச் சாப்பிடுவது. மாமியின் மகள், என் மச்சி, எதிர்ப்பக்கத் துணிக்கடையில் நின்று காவல் பார்த்தாள். பஸாரில் ஒரு ஹோட்டலுக்குள் போனேன். வெயிட்டர் என்னைப் பார்த்ததும் திரை போட்ட குடும்ப அறைக்கு வழி காட்டினான்.

“எத்தின பேர் ராத்தா?”

“ஒராள்.”

“மத்தாக்கள் பொறகு வருவாங்களா?”

“வரமாட்டாங்க.”

அவன் நம்பவில்லை. நான்கு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து நான்கு இடத்தில் வைத்தான். ஆறு கதிரை போட்ட மேசையில், திரைக்குப் பின்னால், வெளியே கொத்துகிற சத்தத்தைக் கேட்டபடி ஒரு முழுக் கொத்துரொட்டியைச் சாப்பிட்டு முடித்தேன்.

“எப்பிடி இருந்திச்சி?” என்று மச்சி கேட்டாள்.

“நாலு கிளாஸ் தண்ணியும் நான்தான் குடிச்ச.”

கடலுக்கு விடியற்காலை ஸுபஹு தொழுத கையோடு போனோம். மச்சி என் செருப்பைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றாள். இடுப்பளவுக்கு இறங்குவது என்பது திட்டம். மூன்றாவது அலை திட்டத்தைக் கேட்கவில்லை. புரண்டு எழும்பியபோது வாய் நிறைய உப்பு, அபாயாவுக்குள் அரை வண்டி மணல். மச்சி மணலில் குந்தியே விட்டாள், சிரிப்பில் அவளுக்கு நிற்க ஏலவில்லை. அந்தச் சிரிப்பு இப்போதும் எனக்குக் கேட்கும். அதற்குப் பிறகு அவளுக்குக் கலியாணமாகி இரண்டு பிள்ளைகள், கடற்கரைக்கு வர நேரமில்லை என்கிறாள்.

சிங்களம் பேசுகிற அம்பாறைக்குப் போவதற்கு ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று சிங்களம் பழகினேன். அங்கே தயிர்ச் சட்டி விற்ற அம்மாவிடம் பாடமாக்கிய நான்கு வசனத்தையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பெரிய சட்டியா, சின்னதா மகள்?” என்று தமிழில் கேட்டார்.

இரண்டு மாதத்துக்குள் ஏழு விஷயங்கள் முடிந்துவிட்டன. மீதி நான்கில் ஒன்றுதான் தொண்டையில் முள்ளாக நின்றது: ஒரு வருடம் தனியாக இருந்து பார்க்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான், கம்பஸ் முடிந்ததும் போட்ட விண்ணப்பத்துக்குக் கடிதம் வந்தது. கண்டியில் வரைபடம் செய்கிற ஓர் அலுவலகத்தில் வேலை. ஒரு வருடத்துக்கு. அடுத்த மாதம் முதலாம் தேதி போய்ச் சேர வேண்டும். மூன்று வாரமும் சில நாட்களும் இருந்தன. படித்த படிப்புக்கு வந்த முதல் வேலை அது. போகாவிட்டால் அந்த வேலை இன்னொருவருக்குப் போகும், நான் ஜன்னலோரம் வெங்காயம் உரிக்கப் போவேன். அப்படித்தான் அன்று எனக்குத் தோன்றியது.

வாப்பாவிடம் பெரிய விஷயங்களை உம்மா வழியாகத்தான் சொல்வோம்.

“இத நான் எப்பிடி உன்ட வாப்பாட்டச் சொல்ற?” என்றா உம்மா.

“எல்லாத்தையும் நீங்கதானே சொல்ற.”

“எல்லாமெண்டா அரிசி முடிஞ்ச கதை, மழை ஒழுகிற கதை. புள்ள ஊட்ட விட்டுப் போற கதையா?”

எப்படியோ சொல்லிவிட்டா. பட்டியலைப் பற்றியும், தனியாக இருந்து பார்க்கிற ஆசையைப் பற்றியும்கூட. வாப்பா இரண்டு நாளும் வழக்கம்போல வயலுக்குப் போய்வந்தார். மூன்றாம் நாள் விடியவே மேசன் இரண்டு ஆட்களோடு வந்தார். புது வீட்டின் ஒரு அறையை மட்டும் பூசினார்கள். கதவு போட்டார்கள். கரண்ட் வேலை செய்கிறவர் வந்து ஒரு பல்பையும் ஃபேனையும் மாட்டினார். ஐந்தாம் நாள் வாப்பா என்னைக் கூப்பிட்டு அந்தக் கதவின் திறப்பைத் தந்தார்.

“தனியா இருந்து பாக்கணும் எண்டியாம். அதுக்கு என்னத்துக்குக் கண்டி? உன்ட ஊடு இரிக்கிதானே. இருந்து பாரு.”

அவர் பகிடி பண்ணவில்லை. எங்கள் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார். ஒரு பெண் தனியாக இருக்க வேண்டுமென்றால் அதற்கென்றே ஒரு வீடு இருக்கிறது, அது ஏற்கெனவே கட்டப்படுகிறது. நான் சாவியை வாங்கிக்கொண்டேன். அந்தப் போகத்து மீதிப் பணத்தை அவர் அந்தச் சுவரில் பூசியிருந்தார். பூச்சின் ஈரம் இன்னும் காயவில்லை.

ஒன்பது நாள் அங்கே தனியாக இருந்தேன். அதைத் தனிமை என்று சொல்லலாமென்றால். காலையில் உம்மா இடியப்பத்தோடு வருவா.

“நான் சமைப்பன் உம்மா.”

“சமை. இது பூனைக்கி.”

“பூனை சம்பலும் தின்னுமா?”

“நம்மட பூனை தின்னும்.”

பதினொரு மணிக்குக் கறிவேப்பிலை பறிக்க வருவா. கறிவேப்பிலை மரம் அவவின் குசினி வாசலில்தான் நின்றது. பின்னேரம் வளவின் நடுவில் நின்று, “உன்ன ஒண்டும் கேக்கல்ல, சும்மா நிக்கன்” என்பா. படுத்தால் நாற்பது எட்டுக்கு அப்பால் அவ இருமுவது கேட்கும். ஒரு இருமல் வந்து அடுத்தது வராவிட்டால் எழும்பி இருந்து காத்திருப்பேன்.

இப்போது நினைத்தால் அந்த ஒன்பது நாளுக்கும் ஏங்குகிறேன். ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லாததால் கடற்காற்று நேராக உள்ளே வரும். ஈரச் சீமெந்து மணக்கும். ஒற்றை அடுப்பில் நான் வைத்த பருப்பு தினமும் அடிப்பிடிக்கும். அப்போதோ எனக்குத் தேதி மட்டும்தான் ஓடியது. முதலாம் தேதிக்குப் பதினொரு நாள் இருந்தன.

ஒன்பதாம் நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வாப்பா வந்தார். வாசலில் நின்று ஸலாம் சொன்னார். பதில் சொல்லியும் உள்ளே வரவில்லை.

“வரட்டா?” என்றார்.

தான் கட்டிய வீட்டுக்குள் வர அவர் என்னிடம் கேட்டது எனக்கு என்னவோ செய்தது. பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார்.

“இது உன்ட உம்மா போட்டதில்லையே?”

“நான்தான் போட்ட.”

“அதான் சீனி கூட.” இன்னொரு வாய் குடித்தார். “எப்பிடி இரிக்கி, தனியா?”

ஒன்பது நாளும் பெரிய பேச்சொன்றைத் தயார்பண்ணி வைத்திருந்தேன். அதில் இல்லாத ஒன்றுதான் வாயில் வந்தது.

“இஞ்ச இருந்தா உம்மா இருமுறது கேக்குது வாப்பா.”

“கேக்கட்டுமே.”

“கேட்டா எழும்பி இருந்திடுறன். இது தனியா இரிக்கிறது இல்ல.”

கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றினார். “கண்டியில ஆர்ர இருமல் கேக்கும்?”

நான் அடுப்பில் ஒட்டியிருந்த பருப்பைச் சுரண்டினேன்.

“உனக்குக் காய்ச்சல் வந்தா ஆர் கஞ்சி வெச்சித் தாற?”

“நானே வெச்சிக் குடிப்பன்.”

“நீ வெக்கிற கஞ்சியக் குடிச்சா காய்ச்சல் கூடும்.” அவர் சிரிக்கவில்லை. அறைக்கு வெளியே பூசாமல் நின்ற சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒருக்கா ஊட்ட விட்டுப் போனா மறுகா அது நம்மட ஊடு இல்ல மகள். எனக்குத் தெரியும்.”

அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“உன்ட உம்மாவக் கலியாணம் முடிச்சி இஞ்ச வரக்குள்ள எனக்கு இருபத்தஞ்சி வயசு. ரெண்டு தெரு தள்ளி எங்கட ஊடு. முதல் மூணு மாசம் இந்த ஊட்டுல தண்ணி கேக்கவும் வெக்கம். ஒவ்வொரு நாளும் அஸர் தொழுதுட்டு எங்கட ஊட்ட போய்த்தான் தேத்தண்ணி குடிப்பன். ஒருநாள் போனா, நான் படுக்கிற பாய்ல என்ட தம்பி படுத்திருக்கான். அண்டையில இருந்து அங்க நான் விருந்தாளிதான். அதுக்குத்தான் பொம்புளப் புள்ளைக்கு ஊடு கட்டுற. ஒருத்தர்ட ஊட்டுலயும் நீங்க விருந்தாளியா இரிக்கப்படா.”

எங்கள் ஊரில் வீட்டை விட்டுப் போகிறவர்கள் ஆண்கள்தான் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் என் வாப்பாவும் அப்படிப் போன ஒருவர் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவர் எப்போதும் இங்கேயே இருந்தவர்போல இருந்தார்.

“என்ட பாய்ல ஆரு வாப்பா படுக்கப் போற?” என்றேன். “நான் ஒருத்திதானே.”

அவர் தேத்தண்ணியை அடிவரை குடித்து, கோப்பையைக் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்தார். வாசல்வரை போய் நின்றார்.

“அறுப்புக்கு வரணும். ரெண்டு போகத்துக்கும்.”

அதுதான் சம்மதம்.

ஒரு வருடம் என்று போனது நான்கு வருடமானது. முதல் காய்ச்சலில் நான் வைத்த கஞ்சி உப்புக் கரித்தது. உம்மாவிடம் சொல்லவில்லை, ஆனால் போனில் நான் “ஹலோ” என்றதுமே அவவுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு போகத்துக்கும் தவறாமல் ஊருக்கு வந்தேன். ஒவ்வொரு தடவையும் வீட்டில் ஒன்று கூடியிருக்கும்: படிக்கட்டு, ஜன்னல் கண்ணாடி, குசினிக்கு டைல்ஸ். போன போகத்தோடு வீட்டு வேலை முடிந்தது. இப்போது வாப்பா பொழுதுபட மஃரிபுக்கு முன் போய் வெளிவிளக்கைப் போட்டுவிட்டு வருகிறாராம். பார்க்கிறவர்கள் எல்லாம் மாப்பிள்ளை எப்ப என்று கேட்கிறார்களாம்.

இனிச் செய்து பார்க்கப் போவது பழைய பட்டியலில் இல்லாத ஒன்று. வரைபட வேலையைச் சொந்தமாக எடுக்கத் தொடங்கிவிட்டேன். வயல் காணிகளுக்கு வரைபடம் கேட்டு எங்கள் ஊர்ப்பக்கத்து அட்டாளைச்சேனையிலிருந்து இப்போதே இரண்டு பேர் போன் எடுக்கிறார்கள். அடுத்த மாதம் கண்டி அறையைக் காலிசெய்துவிட்டு ஊருக்குப் போகிறேன். மாப்பிள்ளை வராமல் மகள் மட்டும் குடிபோன வீடு எங்கள் தெருவில் இதுவரை இல்லை. எங்கள் வீடு முதலாவதாக இருக்கட்டும். முன்னறைதான் அலுவலகம். உம்மாவுக்கு இதைச் சொல்லிவிட்டேன். “வாப்பாட்ட நீயே சொல்லு, நான் இனிச் சொல்லமாட்டன்” என்கிறா.

நானே சொல்லத்தான் வேண்டும். வரைபடம் கேட்டு வருகிறவர்கள் வளவுக்குள்ளால் வர ஏலாது, முன்னறைக்குத் தெருப்பக்கம் ஒரு கதவு வேண்டும். அதற்கு ஒரு சுவரை இடிக்க வேண்டும். வெள்ளம் வந்த வருடம் ஜன்னல் மட்டத்தோடு நின்று, அடுத்த போகத்தில் அவர் எழுப்பி முடித்த சுவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, அவர் சாப்பிட்டு முடித்ததும், போன் எடுத்துக் கேட்கப் போகிறேன்.