குதிகால் படாத பாத்தி

மரக்காணம் உப்பளத்தில் அரசப்பனை இரண்டு விஷயத்துக்காகத் தெரியும். ஒன்று அவன் பாதம். மற்றது அவன் கேள்வி.

பாதத்தை முதலில் சொல்லிவிடலாம். மழைக்காலம் முடிந்து பாத்திகளில் நின்ற தண்ணீரை இறைத்துக் கொட்டிய பிறகு, அடியில் கிடக்கும் களிமண்ணை மிதித்து இறுக்க வேண்டும். பத்து நாள், பன்னிரண்டு நாள், காலையும் மாலையும். மிதிப்பது என்றால் ஓங்கி மிதிப்பதில்லை. பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். ஒரு கால் பதிந்த இடத்தை ஒட்டியே அடுத்த கால். குதிகால் தனியாக ஊன்றினால் குழி விழும். குழி விழுந்தால் காய்ந்த மேல்தோல் கிழிந்து அடிச்சேறு கண்ணைத் திறக்கும். பிறகு அந்த வருஷம் முழுக்க, உப்பு வாரும் பலகையோடு சேறும் சேர்ந்து வரும். அரசப்பன் மிதித்த பாத்தியில் வாரினால் பலகையின் அடி கழுவி வைத்ததுபோல் இருக்கும் என்பார்கள். நாற்பத்திரண்டு வயதில் அவனுக்கு நடை என்றாலே அந்த நடைதான். தார் ரோட்டிலும் அப்படித்தான் நடப்பான். பஸ்ஸைப் பிடிக்க ஓடினால்கூடச் சத்தம் கேட்காது. ஓடி வருகிறான் என்று தெரியாமலே கண்டக்டர் விசில் கொடுத்துப் போனதுண்டு.

கேள்விதான் ஊராருக்குத் தொல்லை. ஊசி போட வந்த நர்சிடம், ஊசி உள்ளே போகும்போது வலிக்கிறதா, மருந்து இறங்கும்போது வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறான். பதில் வராவிட்டால் வருத்தப்பட மாட்டான். கேள்வியை மடித்து வைத்துக்கொண்டு போய்விடுவான். அப்படி மடித்து வைத்ததில் ஒன்று ரொம்பப் பழசு. தை மாதம் ஆனால் ஓர் உள்ளான் அவன் பாத்திக்கு வரும். சேற்றைக் கொத்தித் தின்னும் சின்னப் பறவை. இதற்கு இடது காலில் விரல்கள் கிடையாது, அதனால் அடையாளம் தப்பாது. எங்கிருந்தோ வருகிறது, நூற்றைம்பது பாத்திகள் ஒன்றுபோலக் கிடக்கின்றன, அதில் அரசப்பன் பாத்தியைப் பார்த்து இறங்குகிறது. மேலிருந்து பார்த்தால் அதற்கு என்னதான் தெரிகிறது? பள்ளிக்கூட வாத்தியார், அது இயற்கை என்று முடித்துவிட்டார். உப்பு மூட்டை ஏற்றும் குப்புசாமி, உன் வேர்வை நாற்றமாக இருக்கும் என்றான்.

2006ஆம் வருஷம் மாசி மாதம் அது. முந்தின வருஷம் அவனுக்கு உப்பே இல்லை. 2004 டிசம்பரில் கடல் கால்வாய் வழியாக ஏறி வந்து, பாத்திகளில் ஒரு முழத்துக்குக் கறுப்பு வண்டலை விட்டுப் போயிருந்தது. அதை வெட்டிக் கொட்டவே ஒரு வருஷம் போயிற்று. இந்த வருஷம்தான் அரசப்பனும் அவன் மனைவி தெய்வநாயகியும் பன்னிரண்டு நாள் ஜோடியாக மிதித்து, தரை பழையபடி தட்டினால் சத்தம் வரும் அளவுக்கு இறுகியிருந்தது. சனிக்கிழமை காலை உப்புத் தண்ணீர் விட வேண்டும். அதுவரை யாரும் இறங்கக் கூடாது. நாய்கூட இறங்காமலிருக்கத் தெய்வநாயகி வரப்பில் வேலிக்கருவை முள்ளை வெட்டிப் போட்டிருந்தாள்.

இதற்கு மூன்று வாரம் முன்புதான் உபைத் வந்து சேர்ந்திருந்தான்.

பெரிய முதலியார்சாவடிக்காரன், இருபத்தெட்டு வயது. ஷார்ஜா பக்கம் ஒரு பறக்கும் கிளப்பில் இறக்கை தூக்கும் வேலைக்குப் போனவன், தூக்கித் தூக்கி, பார்த்துப் பார்த்து, கடைசியில் பரீட்சை எழுதி அங்கேயே கற்றுக்கொடுக்கும் ஆளாகிவிட்டான். இரண்டு மாத லீவில் ஊருக்கு வந்தபோது, கிளப்பில் கழித்துப்போட்ட ஒரு ஹேங் கிளைடரைக் கப்பலில் போட்டு அனுப்பியிருந்தான். என்ஜின் கிடையாது. அலுமினியக் குழாயில் துணியை இழுத்துக் கட்டிய பெரிய இறக்கை, அதற்கு அடியில் கையால் பிடித்துக்கொள்ள ஒரு முக்கோணச் சட்டம், ஆளைத் தொங்கவிட வார் வைத்த ஒரு பை, அவ்வளவுதான். பொம்மையார்பாளையத்துக் கடற்கரையில் முயன்று பார்த்தான். தென்னையும் சவுக்கும் காற்றைக் குழப்பின. மரமில்லாத தட்டை நிலம் தேடி வடக்கே வந்தவன் உப்பளத்தைக் கண்டதும் வண்டியை நிறுத்திவிட்டான்.

இறக்கையை விரிக்க இடம் கேட்டவனுக்கு, அரசப்பன் உப்புக் கொட்டகைக்குப் பின்னாலிருந்த பொட்டலைக் காட்டினான். பிறகு கேள்விகளை ஆரம்பித்தான். துணி எதனால் செய்தது, மழையில் நனைந்தால் எடை ஏறுமா, காற்று நின்றுபோனால் என்ன ஆகும். உபைத் ஒவ்வொன்றுக்கும் சலிக்காமல் பதில் சொன்னான். அதுவே அரசப்பனுக்குப் புதுசு. கடைசியில் பழைய கேள்வியை எடுத்தான்.

"மேலேர்ந்து பாத்தா எந்தப் பாத்தி யாருதுன்னு தெரியுமா தம்பி?"

உபைத் யோசித்தான். "பாலைவனத்துல ஏதுண்ணா பாத்தி. நீங்களே போய்ப் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க."

அன்றிலிருந்து மூன்று வாரம். முதல் வாரம் கொட்டகை விட்டத்தில் தொங்கினான். பையில் குப்புறப் படுத்து, சட்டத்தைப் பிடித்து, இடது பக்கம் போக உடம்பை இடது பக்கம் நகர்த்த வேண்டும். வேகம் வேண்டுமானால் சட்டத்தை மார்புக்கு இழுக்க வேண்டும். இறங்கும்போது ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். எந்தப் பக்கம் கண் போகிறதோ அந்தப் பக்கம் இறக்கையும் போகும், அதனால் பார்வை நேராகத் தூரத்தில் இருக்க வேண்டும் என்று உபைத் திரும்பத் திரும்பச் சொன்னான். வரப்பு வேலைக்குப் போகிற பெண்கள் நின்று பார்த்தார்கள். கொட்டகையில் பெரிய கருவாடு ஒன்று காய்கிறது என்று தெய்வநாயகியிடம் போய்ச் சொன்னார்கள். காக்காய் தூக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் அவள். புருஷனிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"பறக்குறதுன்னா பற. பாத்திப் பக்கம் அத்த எடுத்துக்கினு போவாத."

இரண்டாவது வாரம் பொட்டலில் ஓட்டம். குப்புசாமி புதிதாக வாங்கியிருந்த டாடா ஏஸ் கிழக்கே கால்வாய்க் கரையைப் பார்த்து வண்டித் தடத்தில் நிற்கும். அதன் பின்னால் இருநூறு அடிக் கயிறு. உபைத் வண்டியின் பின்தட்டில் பின்புறம் பார்த்து உட்கார்ந்து, கயிற்றை எந்த நேரமும் கழற்றிவிடத் தயாராகக் கொக்கியில் கை வைத்திருப்பான். அவன் கை காட்டினால் வண்டி நகரும், அரசப்பன் இறக்கையைத் தோளில் ஏந்தி எதிர்காற்றில் ஓடுவான். இடுப்பளவு உயரம் எழும்பினால் போதும், மற்றது பிறகு என்று உபைத் சொல்லியிருந்தான். அந்த இடுப்பளவுதான் வரவில்லை. ஓடினான், கயிறு இழுத்தது, இறக்கை மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு படுத்தது. பத்துத் தடவை இப்படி. தரை இருக்கும்போதும் ஓட வேண்டும், தரை போன பிறகும் ஓட வேண்டும் என்று உபைத் கத்தினான். அரசப்பன் ஓடிக்கொண்டுதான் இருந்தான்.

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் உபைத் குனிந்து மண்ணைப் பார்த்தான். அவன் ஷூ தடம் ஆழமாக விழுந்திருந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஓடிய அரசப்பனின் தடம் லேசாக நீர் கசிந்ததுபோல் இருந்தது.

"அண்ணா, நீங்க ஓடலை. தரையத் தடவிக் குடுக்குறீங்க."

குப்புசாமி வண்டியில் சாய்ந்து சிரித்தான். அரசப்பன் சிரிக்கவில்லை. தன் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் குதிகாலை ஊன்றிப் பார்த்தான். முதல் இரண்டு அடி ஊன்றியது. மூன்றாவது அடியில் பாதம் தன் வழக்கத்துக்குத் திரும்பிவிட்டது, சொன்ன பேச்சைக் கேட்காத மாடு மாதிரி. கஷ்டப்பட்டு ஊன்றினாலும் பொட்டல் மண் உள்வாங்கியது. கணுக்கால்வரை மாவாக இருந்தது மண்.

இப்படியே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உபைத்துக்கு ஃப்ளைட். சனிக்கிழமை பாத்தியில் தண்ணீர். மறுபடி எப்போது லீவு கிடைக்கும், அந்தப் பழைய துணி அதுவரை தாங்குமா என்பதெல்லாம் உபைத்துக்கே தெரியாது. ஜும்மா தொழுகை முடித்து அவன் வந்தபோது கடற்காற்று நிதானமாக வீசிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்தில் வராத காற்று. தெய்வநாயகி தங்கையோடு இரும்பை ஊர்க் கோயிலுக்குப் போயிருந்தாள்.

இறுகிய தரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எது என்று அரசப்பனுக்கு மதியத்திலிருந்தே தெரியும். அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தான். பொட்டலில் எழும்பாததற்குக் காரணம் மண். கெட்டியான தரையில் தன் வழக்கமான பாதத்தோடு ஓடினாலே போதும். தடவிக் கொடுக்கிற பாதம் பாத்தியைக் கெடுக்காது. முள்ளை எடுத்து ஓரமாக வைத்தான்.

"டேய், நாயகி உன்ன உப்புல போட்டு ஊறுகா ஆக்கிடுவா," என்றான் குப்புசாமி.

உபைத்துக்கு விஷயம் முழுதாகத் தெரியாது. இது உங்கள் இடம்தானே என்று மட்டும் கேட்டான். எங்கள் இடம் என்றான் அரசப்பன். அந்த 'எங்கள்' அவன் காதிலேயே கொஞ்சம் கனமாக விழுந்தது. உபைத் தன் ஷூவைக் கழற்றிவிட்டு வரப்போடு நின்றுகொண்டான். வண்டி பக்கத்துத் தடத்தில் முன்னால் போய் நின்றதும் வரப்பிலிருந்து பின்தட்டில் ஏறிக்கொண்டான்.

முதல் ஓட்டம். தரை அருமையாக இருந்தது. பாதம் பட்டதும் பன்னிரண்டு நாள் உழைப்பு உள்ளங்காலில் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்ட பாதம் இன்னும் மெதுவாகப் பட்டது. இறக்கை தோளைவிட்டு ஒரு சாண் எழும்பி மறுபடி உட்கார்ந்தது. தரையில் ஒரு கீறல் இல்லை.

உபைத் வண்டியிலிருந்து இறங்கி வந்தான். காற்று இன்னும் அரை மணி நேரம் இருக்கும், அதற்குள் ஒரு தடவைதான் முடியும் என்றான்.

அரசப்பன் மேற்கு வரப்போரம் இறக்கையோடு நின்றான். முன்னால் முப்பது தப்படிக்குச் சாம்பல் நிறத்தில் மழமழவென்று தரை. அதில் பாதி அவள் மிதித்தது. எந்தப் பாதி என்று இப்போது பிரிக்க முடியாது. இறக்கையை இறக்கி வைத்துவிட்டுப் போய்விடலாம். உபைத் ஒன்றும் நினைக்க மாட்டான். உள்ளான் அடுத்த தையிலும் வரும். கேள்வி எப்போதும்போல மடித்த இடத்தில் இருக்கும். இத்தனை வருஷம் இருந்தது இனியும் இருக்கும். அதுதான் அவனுக்குச் சகிக்கவில்லை. கையை உயர்த்தினான்.

குதிகால் இறங்கியது. தோல் கிழிகிற சத்தம் கேட்டது. நிற்காமல் அடுத்த காலையும் ஊன்றினான். ஒவ்வொரு அடிக்கும் கீழிருந்து குளிர்ந்த சேறு குதிகாலைத் தொட்டது. கயிறு விறைத்தது, வார் இழுத்தது, தோளிலிருந்த எடை யாரோ வாங்கிக்கொண்டதுபோல் போய்விட்டது. அடுத்த அடிக்குத் தரை இல்லை. அவன் கால்கள் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தன. பிற்பாடு குப்புசாமி டீக்கடையில் அதை நடித்துக் காட்டுவான்.

இடுப்பளவு என்று சொன்னது பனைமரம் அளவுக்குப் போய்விட்டது. காற்று அப்படி. உபைத் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லிக் கத்துவது எங்கோ கேட்டது. பெரிய இரைச்சலாக இருக்கும் என்று அரசப்பன் நினைத்திருந்தான். கம்பிகளில் மெல்லிய விசில் மட்டும்தான். கீழே தெரிந்த பாத்திகளைப் பார்த்தான். சாம்பல், வெள்ளை, சாம்பல். எல்லாம் ஒரே அச்சு. இதில் அவனுடையது எது? கொட்டகையை வைத்துத் தேடினான், கொட்டகை வேறு பக்கம் இருந்தது. நேராகப் பார்க்கச் சொன்னது மறந்துபோய் அக்குள் வழியாகப் பின்னால் பார்த்தான். இறக்கை அந்தப் பக்கம் சாய்ந்தது. அப்போது தெரிந்தது. ஒரு பாத்தியில் மட்டும், மேற்கு வரப்பிலிருந்து நடுவரைக்கும் கறுப்புப் புள்ளிகள், வரிசையாக. நடுவில் நின்றுபோயிருந்தன.

உபைத் கயிற்றைக் கழற்றிவிட்டான். அரசப்பன் ஞாபகம் வந்து உடம்பை நகர்த்தி இறக்கையை நேராக்கினான். தரை ஏறி வந்தபோது ஒரே தள்ளாகத் தள்ளினான். கொஞ்சம் முந்திவிட்டது. இன்னும் மிதிக்காத பக்கத்துப் பாத்திச் சேற்றில் வயிற்றால் வழுக்கிக்கொண்டே போய் நின்றான். உபைத் ஓடி வந்து எலும்புகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு, தெரிந்ததா என்று கேட்டான்.

"அடையாளமே இல்ல தம்பி. நான் கிழிச்சதுதான் தெரிஞ்சுது."

வீட்டில் அன்று ராத்திரி சொல்ல வாய் வரவில்லை. சேற்று வேட்டியைப் பார்த்துத் தெய்வநாயகி பொட்டலில் விழுந்ததாக எடுத்துக்கொண்டாள். விடிந்ததும் முதலில் போய் மிதித்துவிடலாம் என்று கிளம்பினான். அவளும் கூடவே கிளம்பினாள், தண்ணீர் விடும் நாளாயிற்றே.

முள் ஓரமாகக் கிடந்தது. அவள் வரப்பில் நின்றாள். பிறகு பாத்தியில் இறங்கி, பாதம் முழுவதும் பதித்து, குழிகளின் ஓரமாகவே நடந்து போனாள். கடைசிக் குழி மற்றவற்றைவிட ஆழம். அதற்கு அப்பால் தரை அவர்கள் விட்டுப்போனபடியே வழவழவென்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்துப் பாத்திச் சேற்றில் ஓர் ஆள் வழுக்கிய நீளத்துக்குத் தடம் கிடந்தது.

"இங்கேர்ந்து அங்கயா?"

"ஆமா."

"நடுவுல?"

அவன் கையைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினான். அது போதாது என்று பட்டதால் கொட்டகைக்குப் பின்னாலிருந்த ஒற்றைப் பனையைக் காட்டினான். அவள் பனையின் உச்சியைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள். இன்னும் கோபமாகத்தான் இருந்தாள்.

"அங்கேர்ந்து நம்ம பாத்தி தெரிஞ்சுதா?"

அவன் கேள்வியை அவள் கேட்பது இதுதான் முதல்முறை. "எல்லாம் ஒண்ணாத்தான் இருக்குது நாயகி. இந்தக் குழிய வச்சித்தான் கண்டுபுடிச்சேன்."

"அப்ப மிதிச்சிட்டா தெரியாது."

"தெரியாது."

தண்ணீரைச் செவ்வாய்க்கிழமை விட்டுக்கொள்ளலாம் என்று அவள் சொன்னாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேற்கு வரப்பிலிருந்த முதல் குழிக்குப் போனாள். அவன் இரண்டாவது குழியில் நின்றான். மூன்று நாள் மிதித்தார்கள்.

அந்த வருஷம் உப்பு நன்றாக விளைந்தது. வாரும்போது மேற்கிலிருந்து நடுவரைக்கும் ஒரு கோட்டில் மட்டும் பலகை கொஞ்சம் கறுத்து வந்தது. தெய்வநாயகி அந்த உப்பை ஒதுக்கி வரப்பில் தனியாகச் சின்னக் குவியலாகப் போட்டாள். அரசப்பன் மட்டும், வாரும் ஒவ்வொரு தடவையும், கோடு முடிகிற இடத்தில் பலகையை நிறுத்தி ஒருமுறை மேலே பார்த்துவிட்டுத்தான் இழுப்பான்.