எழும்பச் சொல்லாத அரசன்

எழுபத்தெட்டில் எங்கள் வட்டக்கச்சிப் பள்ளிக்கூடத்துக்கு வந்த சரித்திர ரீச்சருக்கு ஐரோப்பாவின் குதிரைவீரர்கள் மேல் ஒரு பித்து. ஏழு வயதில் இன்னொரு பிரபு வீட்டுக்கு ஏவல் வேலைக்குப் போவது, வளர்ந்ததும் எசமானின் கவசத்தை மினுக்குவது, கடைசியில் அரசன் முன் மண்டியிட்டு ‘நைற்’ என்ற வீரப்பட்டம் பெறுவது என்று எல்லாம் சொல்லித் தந்தார். முதலில் குதிரையும் கவசமும் வைத்திருந்த எவனும் நைற் ஆகலாமாம். பிறகுதான் நைற்றின் மகனே நைற் என்று ஆக்கிவிட்டார்களாம். அந்த இரண்டாவது ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. எங்களுக்கு மூன்று ஏக்கர் வயல் இருந்தது.

பெற்றோர் தினத்துக்கு அதையே நாடகமாக்கினார் ரீச்சர். நான் நைற். அரசன், என் வகுப்பில் படித்த மலைநாட்டுப் பிள்ளை. முந்தின வருசக் கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய குடும்பம். அவளுடைய தாய் எங்கள் வயலில் களை பிடுங்குபவர். அவளுக்குக் கணீரென்ற குரல்.

வீட்டில் பற்றவைத்தது நான்தான். மறுநாளே அம்மா குடையோடு பள்ளிக்கூடம் வந்துவிட்டார்.

“எங்கட வயலில களை பிடுங்கிறவளின்ர பெட்டைக்கு முன்னால என்ர பிள்ளை முழங்காலில நிக்கிறதோ?”

ரீச்சர் எங்கள் இருவரின் வேடங்களையும் மாற்றிவிட்டார். அவள் காகித முடியைக் கழற்றி என் தலையில் வைத்தாள். எனக்கு அன்றைக்கு வெட்கமே வரவில்லை. சந்தோசமாக இருந்தது.

நாடகத்தன்று அவள் பிஸ்கற் தகரக் கவசத்தோடு என் முன் மண்டியிட்டாள். பனைமட்டை வாளால் இரண்டு தோளையும் தொட்டேன். அடுத்து நான் ‘எழுந்திரு’ என்று சொல்லவேண்டும். அரசன் சொல்லாமல் நைற் எழும்பக்கூடாது என்று ரீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் சனத்தைப் பார்த்தேன். அந்த ஒரு சொல் மறந்துபோய்விட்டது.

அவள் குனிந்தபடியே இருந்தாள். ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் விழித்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பவும் குனிந்துகொண்டாள். முழங்காலை மாற்றி ஊன்றியதில் தகரம் கிணுகிணுத்தது.

கதிரை வரிசைகளுக்குப் பின்னால் நின்றிருந்த அவளுடைய தாயின் குரல் கேட்டது. சத்தம் போடவில்லை, வீட்டில் பேசுவதுபோலத்தான் பேசினார்.

“போதும், எந்திரி புள்ள.”

அவள் எழுந்தாள். அதுவும் நாடகம்தான் என்று நினைத்துச் சனம் கைதட்டியது. முன்வரிசையில் அம்மாவும் தட்டினார்.

கைதட்டல் அடங்கிய பிறகு எனக்கு அந்தச் சொல் ஞாபகம் வந்தது. சொன்னேன். அவள் அப்போது மேடையை விட்டு இறங்கி, தாயோடு பள்ளிக்கூடப் படலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.