மைக்கில் வாசிக்காத பெயர்

தங்கச்சியின் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பொய் சொன்னீர்கள், மாமா. தெரிந்தே சொன்னீர்கள். ஆறு வருஷமாக இதை வீட்டுக்குள் பேசிப் பார்த்துவிட்டேன். அம்மா கூடப்பிறந்த அண்ணன் என்பதால் உங்களுக்கு டீ போட்டுத் தருகிறார். நீங்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வந்தவர்களிடம் காசாகக் கேட்டது நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கிடைத்திருந்தது. அத்திவாரம் போடக் காசில்லை. என் கல்யாணத்துக்கு வந்த நாலு சுவர்க் கடிகாரமும் பிரிக்காத கண்ணாடி கிளாஸ்களும் அம்மாவின் கட்டிலுக்கு அடியில் தூசி பிடித்துக் கிடந்தன. இன்னும் நாலு கடிகாரம் வந்தால் அத்திவாரத்துக்குள் போட்டு மூடவா?

அம்மாவுக்குக் கூச்சம். தெமோதரைப் பக்கம் பத்திரிகை வைக்கப் போன வீட்டிலெல்லாம் வெற்றிலைத் தட்டை நீட்டிவிட்டு மழையைப் பற்றிப் பேசினார். நான்தான் வாயைத் திறந்தேன்.

"பொருளா ஒண்ணும் வாங்கிட்டு வராதீங்க. காசா வைங்க. அத்திவாரம் போடணும்."

ஒரு பெரியப்பா சிரித்தார். "கல்லு மண்ணு கொண்டாந்தா வாங்கிக்குவீங்களா?"

"லாரியோட வந்தா வாங்கிக்குவோம்" என்றேன். அம்மா என் முதுகில் கிள்ளினார்.

கடைசியாகத் தோட்டத்து வரிசை வீடுகளில் கீழ் லயத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் காம்பரா அக்கா. அம்மாமார் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் பிள்ளைக் காம்பரா. இருபத்தெட்டு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டவர். தோட்டத்தில் பாதிப் பேர் அவர் மடியில் தூங்கியவர்கள். தங்கச்சிக்குப் பிறந்ததிலிருந்து நெஞ்சுச் சளி. அம்மா மலையில் நிற்கும் நேரமெல்லாம் இவர்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வேறு பிள்ளைகள் அழுதாலும் அவளை இறக்கிவிடமாட்டாராம். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை, பிள்ளையும் இல்லை.

பத்திரிகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவரிடம் காசு கேட்க எனக்கே வாய் வரவில்லை. அவரே கேட்டார்.

"எல்லார்கிட்டயும் சொன்னியாமே, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒங்ககிட்ட என்னக்கா கேக்குறது."

"ஏன், நான் மனுஷி இல்லியா?"

உங்களுக்கும் எனக்கும் அதற்கு முந்தியே சண்டை வந்துவிட்டது, மாமா. ஒரு பெட்டி வைப்போம், யார் எவ்வளவு வைத்தார்கள் என்று வாசிக்க வேண்டாம் என்றேன். "பெட்டி வச்சா அம்பதும் நூறும்தான் விழும். மைக்குல வாசிச்சாத்தான் மானத்துக்குப் பயந்து வைப்பான்" என்றீர்கள். அம்மா உங்கள் பக்கம் சாய்ந்தார். நான் மேசையில் உட்கார்ந்து கவர்களை வாங்க வேண்டும், பெயர் எழுத வேண்டும். நீங்கள் பிரித்து வாசிக்க வேண்டும். அப்படி முடிவானது.

கோயில் மண்டபத்தில் கல்யாணம். அக்கா ஊதா நிறச் சேலையில் வந்தார். இஸ்திரி போட்ட மடிப்பு அப்படியே தெரிந்தது. இடுப்பிலிருந்து கவரை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். நானும் எழுந்து இரண்டு கையாலும் வாங்கினேன்.

"சாப்புட்டுப் போங்கக்கா."

"அது கெடக்கட்டும். பேர எழுது. காம்பரான்னு எழுதாத. தோட்டத்துல பேர் பதியிற செக்ரோல்ல இருக்க மாதிரி எழுது, அப்பா பேரோட."

அவர் முழுப் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாக எழுதினேன். முப்பது வயசு எனக்கு. அவர் மடியில் வளர்ந்தவள், பெயர் தெரியாமல் இருந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் பார்த்தார். பிறகு போய் ஒலிபெருக்கிக்கு நேரே முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

தோட்டத்தில் எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளை ஐயாவின் கவரை நீங்கள் பிரித்தபோது உள்ளே ஐந்நூறு ரூபாய் இருந்தது. வாசிக்காமல் ஓரமாக வைத்தீர்கள். அடுத்தது அக்காவின் கவர். ஒரே தாள், ஐயாயிரம். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தீர்கள்.

"பேர மாத்தி எழுதிட்டியா புள்ள?"

"இல்ல மாமா. அக்கா கையால குடுத்ததுதான்."

"அவளுக்கு ஏது அய்யாயிரம்?"

"அவங்க காசு மாமா. வாசிங்க."

முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கணக்கப்பிள்ளை ஐயாவை ஒரு தரம் பார்த்தீர்கள். மைக்கிலிருந்து கையை எடுத்தீர்கள். "நம்ம கணக்கப்பிள்ளை ஐயா, ரூபா ஐயாயிரம்!" அவர் ஒரு நொடி முழித்தார். அப்புறம் பாதி எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கை தட்டினார்கள். அடுத்து சொன்னீர்கள்: "புள்ளக்காம்பரா, ஐந்நூறு."

பெயர் கூட இல்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். மைக் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. அது என் பங்குக் குற்றம், அதை உங்கள் தலையில் போட மாட்டேன்.

மறுநாள் ஒரு தட்டில் பலகாரத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். அழுதேன். அவர் அழவில்லை.

"காசு தங்கச்சி கைக்குப் போயிருச்சில்ல?"

"போயிருச்சு."

"அப்பறம் என்னத்துக்கு அழுவுற? மூக்கத் தொடச்சுக்க."

சீட்டை ஏலத்தில் தள்ளி எடுத்து வைத்த காசு அது என்று அப்போதுதான் தெரிந்தது. இன்னும் ஏழு மாசம் அவர் சீட்டுக் கட்ட வேண்டும். பலகாரத்தை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை எனக்கே கொடுத்தார். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு யாரு கல்யாணம், யாரு சடங்கு? எம்பேர மைக்குல சொல்ல இதான் ஒரு எடம். எப்டிக் கேக்கும்னு நெனச்சுக்கிட்டே படியேறி வந்தேன்."

மாமா, மொய் வைப்பவன் திரும்பி வரும் என்று வைப்பான். நம் எல்லோருக்கும் அது தெரியும். அக்கா வைத்தது எந்தக் காலத்திலும் திரும்பி வராத மொய். தெரிந்துதான் வைத்தார்.

அடுத்த வாரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பேச்சு. "தூக்கி வளத்த புள்ளக்கி ஐந்நூறுதான் வச்சாளாம்." "பென்சன் காசெல்லாம் எங்க பூட்டி வச்சிருக்காளோ." அக்கா காதில் அது விழுந்தது. அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டுக்கும் அவர் போகவில்லை. கேட்டால் முழங்கால் வலி என்பார்.

உங்களிடம் சண்டைக்கு வந்தேன். "அவருகிட்ட போயி, ஐயா நீங்க வச்சது ஐந்நூறுதான்னு சொல்லச் சொல்றியா? நாளைக்கு மணலுக்கும் கல்லுக்கும் அவருகிட்டதான நிக்கணும்" என்றீர்கள். இரண்டு வருஷத்தில் கணக்கப்பிள்ளை ஐயா வீட்டிலும் கல்யாணம் வந்தது. தங்கச்சி ஐந்நூறு வைக்கப் போனாள். யார் தடுத்தது? நீங்கள். "மைக்குல அய்யாயிரம்னு வாசிச்சாச்சு. கூட வைக்காட்டியும் அதையாவது வை." வைத்தாள். ஐந்நூறு வைத்த மனுஷனுக்கு, அக்காவின் பெயரைத் தின்ற மனுஷனுக்கு, ஐயாயிரம் வைத்தாள். உங்கள் பொய்யின் விலையைக் கட்டியது அந்தப் பிள்ளை.

தங்கச்சியின் வீடு இன்றைக்கு எழும்பி நிற்கிறது. அத்திவாரத்தில் முதல் கல் வைக்கும்போது அக்காவைத்தான் கூப்பிட்டாள். அவர் குனிய முடியாமல் குனிந்து, கல்லைப் பிள்ளையைப் படுக்க வைப்பது போல மெதுவாக வைத்தார். வைத்துவிட்டு இரண்டு தரம் தட்டிக் கொடுத்தார். பழக்கம். அன்றைக்கு மைக் இல்லை, கூட்டமும் இல்லை. நாங்கள் நாலு பேர்தான் பார்த்தோம். எனக்கு அது போதாது.

அடுத்த மாசம் ஹல்துமுல்லையில் உங்கள் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்தது. அன்பளிப்பைப் பணமாகத் தரும்படி அடியில் அச்சடித்திருக்கிறீர்கள். கேளுங்கள், நான் கேட்டதுதானே. மைக்குக்கும் சொல்லிவிட்டீர்களாம். நல்லது. அக்காவை நான் பஸ்ஸில் கூட்டி வருகிறேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்து, அந்த ஊதாச் சேலையைக் கட்டிவிட்டு, ஒலிபெருக்கிக்கு நேரே முதல் பெஞ்சில் உட்கார வைப்பேன். இந்த முறை என் கையும் மைக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

அவர் பெயரை வேண்டுமென்றேதான் இதில் எழுதவில்லை. அது உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். முதல் கவரைப் பிரிப்பதற்கு முன்னால், கணக்கப்பிள்ளை ஐயாவும் உட்கார்ந்திருக்கும்போது, எல்லோருக்கும் கேட்க, மைக்கில் பதில் சொல்லுங்கள் மாமா: தங்கச்சி கல்யாணத்தில் அந்த ஐயாயிரத்தை வைத்தது யார்? முழுப் பெயரோடு சொல்லுங்கள். அப்பா பேரோடு.