தடவிப் பார்க்கும் கை

பட்டாசுக் கம்பெனியில் எனக்குப் போர்மேன் வேலை. ஆனால் காலையில் நான் செய்கிற முதல் வேலை வேறு. கேட்டில் நின்று, உள்ளே வருகிற ஆண்கள் ஒவ்வொருவரையும் சட்டைப் பை, இடுப்பு, மடி என்று தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும். தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. பதினைந்து வருஷம் இதைச் செய்ததில் எனக்குக் கொஞ்சம் திமிரே வந்துவிட்டது. ஒருவன் நடந்து வருகிற தோரணையை வைத்தே அவன் மடியில் பீடி இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். என் கையில் ஒரு தீக்குச்சிகூடத் தப்பியதில்லை என்று கல்யாண வீடுகளில் பெருமையடித்துக்கொண்டு திரிந்த ஆள் நான்.

அதிகமாக என்னிடம் மாட்டியவன் என் நண்பன். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் போர்மேன் ஆனேன், அவன் வெடிமருந்து செலுத்துகிற அறையிலேயே இருந்துவிட்டான். அதில் அவனுக்கு வருத்தம் உண்டா என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை. அவன் தினமும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பான். "நல்லாத் தடவு மாப்ளே, பொண்டாட்டிகூட இம்புட்டு அக்கறையாத் தடவ மாட்டா" என்பான். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொள்வேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, செல்போன் எங்கள் பக்கம் பரவிய புதிதில், ஒரு தொண்டு நிறுவனம் தாயில்பட்டி, வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கம்பெனிகளில் இருந்து பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுத்து முதலுதவி சொல்லிக்கொடுக்க முன்வந்தது. நானும் என் நண்பனும் அதில் இருந்தோம். சொல்லிக்கொடுக்க வந்தது மதுரையில் இருந்து ஒரு நர்ஸ். இருபத்தைந்து, இருபத்தாறு வயசு இருக்கும். மலையேறுகிற கூட்டங்களோடு போய்ப் பழகியவராம். "மூணு நாள் மலையில நடந்துக்கிட்டே படிக்கப் போறோம்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தீக்காயத்துக்கு மருந்து சொல்லச் சொன்னால் மலைக்குக் கூட்டிப் போவதா என்று கேட்டேன்.

"ஷெட்டுல ஒருத்தருக்கு அடிபட்டா டாக்டர் வர எம்புட்டு நேரம் ஆகும்ணே?"

வழியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மண்ரோடு, ரயில்வே கேட், அப்புறம் பெரிய ரோடு. எத்தனையோ தடவை அந்த வழியில் வேனுக்குள் உட்கார்ந்து போயிருக்கிறேன்.

"அப்ப அதுவும் காடுதான். கையில இருக்குறத வச்சுக் காப்பாத்தப் பழகணும்" என்றார்.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடிக் கிடக்கிற நாட்களில் கிளம்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் வேன் நின்றது. ஆளுக்கொரு மூட்டை மாதிரிப் பை. ஆறு பெண்கள், ஆறு ஆண்கள். எல்லோரும் இறங்கியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? யாரும் சொல்லாமல், ஆண்களை வரிசையாக நிற்க வைத்துத் தடவ ஆரம்பித்தேன். நானாக யோசித்துச் செய்யவில்லை. கையாகவே போனது. அதைவிட வேடிக்கை, அவர்களும் கையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றதுதான். நர்ஸம்மா ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நண்பன் மடியில் பாலித்தீன் பையில் சுற்றிய பீடிக்கட்டும் தீப்பெட்டியும் அகப்பட்டன. பீடியைத் திருப்பிக் கொடுத்தேன். தீப்பெட்டியை அடிவாரத்து டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

"ஏலே, இது மலைலே. கம்பெனி இல்ல."

"காடு பத்திக்கிட்டா யாரு பதில் சொல்றது? நட" என்றேன். மத்தியானம்வரை எனக்கு நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

மத்தியானம் கட்டுச்சோறு தின்றுவிட்டு ஒரு பாறை மேல் உட்கார்ந்து பாடம் கேட்டோம். குளிரில் உடம்பு எப்படி விறைக்கும் என்று நர்ஸம்மா சொன்னார். ஆள் நடுங்கினால் பயப்படாதீர்கள், உடம்பு சண்டை போடுகிறது என்று அர்த்தம். நடுக்கம் நின்று, ஆள் பேச்சுக் குழறி, பேசாமலே ஆகிவிட்டால்தான் ஆபத்து. எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வெயிலுக்கு ஏதாச்சும் சொல்லுங்க டீச்சர். எங்க ஊருல குளிர்னா காலண்டர்ல பாத்தாத்தான் உண்டு" என்று என் நண்பன்தான் முதலில் ஆரம்பித்தான்.

மழை மூன்று மணிக்குப் பிடித்தது. சும்மா மழை இல்லை, காற்றோடு சேர்ந்து அடித்தது. சமைத்துத் தங்க அனுமதி வாங்கியிருந்த இடம் ஓடைக்கு அந்தப் பக்கம். தண்ணீர் இடுப்பளவு ஏறிவிட்டது. நண்பன் பெண்களின் பைகளையெல்லாம் தலையில் வைத்து ஏழெட்டு முறை ஓடையைக் கடந்தான். கடைசி நடையில் சறுக்கி விழுந்து முழுக்க முங்கி எழுந்தான். அவனுடைய பை ஓடையோடு போனது. அதற்கும் ஒரு கேலி பேசிச் சிரித்தான். அக்கரைப் பாறை இடுக்கில் எல்லோரும் ஒண்டினோம். கொஞ்ச நேரத்தில் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது, எல்லோருக்கும்தான்.

நர்ஸம்மா சின்ன கேஸ் அடுப்பை எடுத்து வைத்தார். "சுடுதண்ணி போட்டுருவோம். தீப்பெட்டி கொடுங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாரிடமும் இல்லை. எப்படி இருக்கும்? தீப்பெட்டியோடு வீட்டை விட்டுக் கிளம்புகிற பழக்கமே நண்பனைத் தவிர எங்களில் யாருக்கும் இல்லை.

"சிவகாசிக்காரங்க பன்னெண்டு பேரு வர்றீங்களேன்னு நான் எடுத்துட்டு வரலையே" என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது.

தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கிற ஒரு அக்கா தலையில் அடித்துக்கொண்டது. "ஒரு நாளைக்கு எம்புட்டு பெட்டி அடைக்கிறேன். இப்ப ஒத்தக் குச்சிக்கு வழியில்லையே!"

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். இந்த இடத்தில் என்னை வறுத்தெடுக்க வேண்டிய ஆள் வாயே திறக்கவில்லை. பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நடுக்கம் இல்லை. "ஏலே" என்று தோளைப் பிடித்தேன். ஏதோ குழறினான், ஒரு வார்த்தையும் புரியவில்லை. கண் என் மேல் நிற்காமல் நழுவியது.

நான் பயந்துபோனேன். ஷெட்டில் வெடிச் சத்தம் கேட்டு ஓடியபோதுகூட அப்படிப் பயந்ததில்லை. இவன் செத்துவிடுவான், என் கையால் செத்துவிடுவான் என்று ஒரே நினைப்பு. அவன் காலை எடுத்து மடியில் வைத்துப் பரபரவென்று தேய்க்கப் போனேன்.

"தேய்க்காதீங்க!" என்று நர்ஸம்மா அதட்டினார். "ஈரத்துணியக் கழட்டுங்க. காஞ்சது இருக்குறவங்க கொடுங்க. அடியில பையெல்லாம் போடுங்க, பாறைக் குளிர் ஏறக் கூடாது."

பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த சட்டை, போர்வை எல்லாம் வந்தன. நாங்கள் உடுப்பை மாற்றிவிடும்வரை பெண்கள் அந்தப் பக்கம் திரும்பி நின்று, பெரிய பிளாஸ்டிக் விரிப்பைக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"தீ இல்ல. இனி ஆள் சூடுதான். முன்னால ஒருத்தர், பின்னால ஒருத்தர், ஒட்டிப் படுக்கணும்."

எங்கள் ஊரில் ஆம்பிளைகள் தோளில் கை போட்டுத் திரிவோம், கட்டிப்பிடித்துக்கொள்ள மாட்டோம். ஒரு நிமிஷம் எல்லோரும் தயங்கினார்கள். நான் ஈரச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போர்வைக்குள் நுழைந்து அவனை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். இன்னொருவர் முதுகுப் பக்கம் படுத்தார். அவன் உடம்பு ஓடைக் கல் மாதிரி இருந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம். பதினைந்து வருஷம் தினமும் இந்த உடம்பைத் தடவியிருக்கிறேன், இவன் இவ்வளவு ஒல்லி என்று எனக்குத் தெரியாது. ஒளித்து வைத்திருப்பதைத்தானே தேடினேன். இவனுக்கு இல்லாதது என்ன என்று என் கை ஒரு நாளும் தேடியதில்லை.

"கேலி பண்ணுலே. என்னைத் திட்டுலே" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே கிடந்தேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. மழை குறைந்தது, வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. திடீரென்று அவன் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நான் பதறி நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. "நடுக்கம் திரும்பிருச்சு. விட்டுராதீங்க, அப்படியே பிடிங்க." அவன் நடுங்கிய நடுக்கத்தில் என் பல்லும் சேர்ந்து ஆடியது. அப்புறம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். உதடு மெதுவாக அசைந்தது.

"கையை எடு மாப்ளே. மடியில ஒண்ணும் இல்ல."

நான் ஓவென்று அழுதுவிட்டேன். அத்தனை பேர் முன்னால், போர்மேன். அந்த அக்கா கடலைமிட்டாயை உடைத்து அவன் வாயில் வைத்தது, அவன் மென்றான். ராத்திரி முழுக்க ஆள் மாற்றி ஆள் படுத்தோம். நான் மட்டும் மாறவில்லை.

மிச்ச நாளை விட்டுவிட்டுக் காலையில் இறங்கும்போது நர்ஸம்மாவிடம் தீப்பெட்டிக் கதையைச் சொன்னேன். "நானும் எடுத்துட்டு வரலையேண்ணே" என்று மட்டும் சொன்னார். அடிவாரத்து டீக்கடையில் அந்தத் தீப்பெட்டி பாய்லருக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. நண்பன் அதை எடுத்து ஒரு பீடியைப் பற்றவைத்துவிட்டு, பெட்டியைத் திரும்ப அங்கேயே வைத்தான்.

கம்பெனி திறந்த அன்று வழக்கம்போலக் கேட்டில் நின்றேன். வரிசை நகர்ந்து அவன் வந்தான். இரண்டு கையையும் தூக்கினான். சட்டைப் பை, இடுப்பு, மடி என்று ஒன்றையும் விடாமல் பார்த்தேன். விதி விதிதான், அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அவனிடம் எதுவும் இல்லை. ஆனால் கை அவன் விலாவிலேயே நின்றுவிட்டது. உடம்பு கதகதவென்று இருந்தது. பின்னால் நின்றவர்கள் அவனுடைய கேலிக்காகக் காத்திருந்தார்கள். அன்றைக்கு அவன் ஒன்றும் பேசாமல், நானாக என் கையை எடுக்கிறவரை, தன் கையைத் தூக்கியபடியே நின்றான்.