அப்பா கொண்டுபோன சம்மதக் கடிதம்

"பையைப் பிரிச்சிடட்டுமா பாப்பா? நீ இன்னா சொல்ற?"

மலைப்பாதையில் ஓடைக்கரையில் உட்கார்ந்து அப்பா என்னிடம் இப்படிக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவர் மறைந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் நிறைகிறது. இன்று அவர் எதிரே வந்து நின்று மறுபடி கேட்டாலும் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. அது எந்தப் பை, ஏன் கேட்டார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அப்பாவை நேரில் அறியாத உறவினர்களும் இந்த நினைவு மலரைப் படிப்பீர்கள். அதனால் அவருடைய வாழ்க்கையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா ஒடுகத்தூரை அடுத்த மலையடிவாரச் சிற்றூரில் பிறந்தார். ஒன்பது வயதில் தாய் தகப்பன் இருவரையும் காலராவில் இழந்தார். மாதா கோயில் சாமியார் அவரைச் சேர்த்துக்கொண்டு, தண்ணீர் இறைக்கவும் மணி அடிக்கவும் வைத்துச் சோறு போட்டார். வளர்ந்த பிறகு ஜவ்வாது மலையில் மரம் வெட்டும் கூப்பில் சில வருஷம் தோளில் கட்டை சுமந்தார். நடைக்கும் நாணயத்துக்கும் பேர் வாங்கியிருந்ததால் தபால் ரன்னர் வேலை கிடைத்தது. அது முதல் கடைசிவரை அதே வேலைதான். மலைமேல் பள்ளிக்கூடத்து வாத்தியாரே தபால் ஆபீஸையும் பார்த்துக்கொண்டார். அவர் அரக்கு முத்திரை வைத்துக் கொடுக்கும் பையை அப்பா ஒரு நாள் கீழே ஒடுகத்தூருக்குக் கொண்டுபோவார். மறுநாள் கீழேயிருந்து ஒரு பையை மேலே கொண்டுவருவார். கையில் சலங்கை கட்டிய ஈட்டி. வழியில் எங்கே நின்றாலும் பை தரையில் படக் கூடாது என்பது அவரே வைத்துக்கொண்ட சட்டம். மரக்கிளையில் மாட்டுவார், அல்லது தோளிலேயே வைத்துக்கொள்வார்.

ஒரு தடவை பாதையில் கரடி வந்து நின்றுவிட்டது. அது விலகிப் போகிறவரை அசையாமல் நின்றிருந்து, மேலே வரத் தாமதமாயிற்று.

"இன்னா ரன்னரே, கரடிக்கு எதனா கடுதாசி இருந்ததா?" என்று வாத்தியார் கேட்டிருக்கிறார்.

"விலாசம் சரியில்லீங்க. திருப்பி அனுப்பிட்டேன்" என்றாராம் அப்பா.

எனக்கு எட்டு வயதும் தம்பிக்கு இரண்டு வயதும் இருக்கும்போது அம்மா தவறிவிட்டார்கள். அப்பா வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் கீழே போகும் நாட்களில் வாத்தியார் வீட்டம்மாள் எங்களைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அப்பா என்னைத் திருப்பத்தூரில் கன்னியர் பள்ளியில் தங்கிப் படிக்க வைத்தார். ஊரில் சிலர் கேலி பேசினார்கள்.

"பொட்டப்புள்ளைக்கு எட்டாங்கிளாஸா? கலெக்டருக்கா கட்டிக் குடுக்கப்போற?"

"கலெக்டரு வேணாம். வர்ற கடுதாசிய அவளே படிச்சிக்கினா போதும்" என்பார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உறைமேல் இருக்கும் முத்திரைகளை மட்டும் அடையாளம் கண்டுகொள்வார்.

யுத்தம் மூன்றாம் வருஷத்துக்கு வந்திருந்தபோது, நான் தலைப்பிரசவத்துக்கு மலைக்கு வந்து, ஐந்து மாதக் குழந்தையோடு அப்பாவுடன் இருந்தேன். தம்பி வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலையில் இருந்தான். தோலோடு தோலாக அவன் கையும் வெந்துபோயிருந்தது. அங்கிருந்து அவன் எழுதிய கடிதம் வந்தது. பட்டாளத்தில் சேரப் போயிருக்கிறான். ஆளைப் பார்த்தால் வயது போதாதவன் போல இருக்கிறான், தகப்பன் சம்மதம் எழுதி அனுப்பினால்தான் எடுப்போம் என்று ஆள் எடுக்கும் ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம். சனிக்கிழமைக்குள் கடிதம் திருப்பத்தூர் போய்ச் சேர வேண்டும் என்று எழுதியிருந்தான். கடைசியில் எனக்கென்று ஒரு வரி: "அக்கா, நீ சொன்னால் அப்பா கேட்பார்."

நான் சொன்னேன். இதை மறைக்க விரும்பவில்லை. தோல் ஷாப்பில் இருந்தால் கை போய்விடும், பட்டாளத்தில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள், யுத்தம் முடிந்து வந்தால் ஒரு தொழில் கையில் இருக்கும் என்றேன். படித்தவள் பேசுகிற மாதிரி பேசினேன். இரண்டு நாள் அப்பா பையோடு கீழே போய்வந்தார். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், வாத்தியார் முன்னால் உட்கார்ந்து, "சரின்னு எழுது" என்றார்.

நான் எழுதினேன். "என் மகன் பட்டாளத்தில் சேருவதற்கு எனக்குப் பூரண சம்மதம்." அப்பா கைநாட்டு வைத்தார். வாத்தியார் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, கடிதத்தைப் பையில் சேர்த்து முத்திரை வைத்தார்.

மறுநாள் காலை பை கீழே போகிற நாள். நானும் திருப்பத்தூரில் கணவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்ததால், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவுடனேயே இறங்கினேன். வழக்கமாக எனக்காக மெல்ல நடப்பவர் அன்று வேகமாக நடந்தார். பாதி வழியில் ஓடை வந்ததும் நின்றார். நாவல் மரக் கிளையில் பையை மாட்டிவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்தார். தபால் பையோடு போகும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"அந்தக் கடுதாசில இன்னா எழுதுன, திருப்பிச் சொல்லு."

சொன்னேன்.

"பூரணமா?" என்று கேட்டார். "நான் சரின்னுதான பாப்பா சொன்னேன்."

"அப்படித்தாம்பா எழுதறது வழக்கம்."

"ஓ" என்றார். "அவன் பொறந்தப்ப உங்கம்மா எங்கிட்ட குடுத்து, தலையப் புடிச்சிக்கன்னா. கழுத்து நிக்காத புள்ள. எனக்குக் கட்ட தூக்கத்தான் தெரியும், புள்ள தூக்கத் தெரியாது. பயந்துகினே தூக்கினேன். இப்பவும் அப்டிதான் இருக்குது." பிறகு பையைப் பார்த்தார். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பிரித்தால் வேலை போகும் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அதற்காக இல்லை. என் தோளில் இருந்த குழந்தைக்கும் அப்போதுதான் கழுத்து நின்றிருந்தது. பிரித்துவிடுங்கள் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொன்னால், தம்பி கேட்டபடி அவனுக்காக நான் பேசியதெல்லாம் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் அப்பா கேட்டதுக்கு என்ன மரியாதை? இரண்டுக்கும் நடுவில் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றேன். அப்பா பொறுத்துப் பார்த்தார். எழுந்து பையைத் தோளில் மாட்டினார்.

"நீ சொல்லமாட்ட. நானும் செய்யமாட்டேன். உள்ள மத்தவங்க கடுதாசியும் இருக்குது. நட."

ஒடுகத்தூர் வந்து சேர்ந்தோம். அங்கே பையை ஒப்படைத்து, எனக்கு வண்டி பார்த்து ஏற்றிவிட்டு, "கொழந்தைக்குக் காதுல துணியக் கட்டு, காத்து அடிக்குது" என்றார். அவ்வளவுதான்.

தம்பியைப் பட்டாளத்தில் எடுத்துக்கொண்டார்கள். ரயில் ஏறுவதற்கு முந்தின நாள் அப்பாவைப் பார்க்க ஒடுகத்தூருக்குப் போனான். அன்று பை மேலே போகிற நாள். பதில் ஆள் கிடையாது. ஆகவே அப்பா மலை ஏற, அவனும் கூடவே ஓடை வரை நடந்திருக்கிறான். மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டே சிரித்துச் சிரித்துச் சொன்னான்.

"இன்னிக்கு ஒரு நாளாவது பைய நான் தூக்கறேன் குடுப்பான்னு கேட்டேன்க்கா. உனக்கு உங்க பட்டாளத்துல வேற பை குடுப்பாங்க, அதத் தூக்குன்னாரு. ஈட்டிய மட்டும் குடுத்தாரு."

"வேற இன்னா சொன்னாரு?"

"பூட்ஸு காலக் கடிக்குமாம். கொப்புளத்தக் குத்தக் கூடாதாம். வெளக்கெண்ண தடவணுமாம். பட்டாளத்துல வெளக்கெண்ணைக்கு நான் எங்கப்பா போவேன்னேன். கேளு, வாயத் தொறந்து கேட்டாத்தான யாரும் குடுப்பாங்கன்னாரு."

"அப்புறம்?"

"ஓடைகிட்ட, நீ போய்ட்டு வான்னாரு. சிரிச்சிகினேதான் அனுப்புனாருக்கா. திரும்பிக்கூடப் பாக்கல. பூரண சம்மதம்னு எழுதினவராச்சே. ஆபீஸ்ல அதப் படிச்சிக் காட்டுனாங்க. அங்க இருந்த பட்டாளத்து அவல்தாரு இன்னா சொன்னான் தெரியுமா? இப்படி ஒரு தகப்பன் எழுதி நான் பாத்ததில்லன்னான்."

நான் அவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

அன்று மேலே நடந்ததை வாத்தியார் பிற்பாடு சொன்னார். அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்து பையை ஒப்படைத்தாராம். பிறகு பள்ளிக்கூடச் சுவரில் இருந்த தேசப்படத்தின் முன்னால் போய் நின்று, "இதுல நம்ம மலை எங்கங்க?" என்று கேட்டிருக்கிறார். அது சின்னப் படம், நம் மலை அதில் இல்லை என்றாராம் வாத்தியார். "நம்ம மலையே இல்லாத படத்துல அவன எங்கங்க தேடறது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாராம்.

அதற்குப் பிறகு அப்பா ஒரு நாளும் வேலைக்குத் தவறவில்லை. தம்பி கடல் தாண்டிப் போன பிறகு அவனுடைய கடிதங்கள் அப்பாவின் தோளிலேயே மலை ஏறின. பை மூடியிருப்பதால் உள்ளே கடிதம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல்தான் அத்தனை தூரமும் நடப்பார். கீழே தபால்களைப் பிரிப்பவர் ஒருமுறை இரக்கப்பட்டு, "ரன்னரே, உம்ம புள்ள கடுதாசி" என்று ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டாராம். "மேல போய்ப் பாத்துக்கறேங்க. எல்லாருக்கும் அப்டித்தான தெரியுது." கடிதம் இருந்தால் வாத்தியாரை இரண்டு தடவை படிக்கச் சொல்வார். இல்லாவிட்டால் ஆட்டை ஓட்டிக் கட்டப் போவார். அந்த நாட்களில் அவருக்குள் என்ன இருந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வருஷம் மலைக்காய்ச்சல் அவரைப் பிடித்தது. எங்கள் வீட்டில் பதினேழு நாள் இருந்தார். நினைவு தப்பிய நேரங்களிலும் பை போகிற நாள் தவறாமல் எழுந்து உட்காரப் பார்ப்பார். சாமியார் வந்து எண்ணெய் பூசி, அவஸ்தைபூசுதல் என்னும் கடைசிச் சடங்கைச் செய்த மறுநாள் காலை அமைதியாகப் பிரிந்தார்.

அடக்கம் முடிந்து, அவருடைய ஈட்டியையும் பெல்ட்டையும் ஒப்படைக்க ஒடுகத்தூர் தபால் ஆபீஸுக்குப் போனேன். அங்கே போஸ்ட்மாஸ்டரிடம் பேச்சுவாக்கில் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் ஆச்சரியப்பட்டார்.

"பைய எதுக்கும்மா பிரிக்கணும்? அனுப்பினவரே எழுதிக் கேட்டா, போய்ச் சேராத கடுதாசியத் திருப்பி வாங்கிக்கலாமே. அதுக்கு ரூல் இருக்குது. இங்க வந்து எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"அப்பாவுக்கு அது தெரியுமாங்க?"

அவர் யோசித்தார். "இத்தன வருஷ சர்வீசு. தெரியாமலா இருக்கும்? ஆனா மலைலேர்ந்து அப்படி யாரும் கேட்டதில்லம்மா. தெரியாமலும் இருந்திருக்கலாம்."

தெரியாமல் கேட்காதிருந்தாரா, தெரிந்தும் கேட்காதிருந்தாரா? எட்டாம் வகுப்பு வரை படித்த நானும் அந்த ரூலை அறியவில்லை. ஒரு தாளில் எழுதிக் கேட்டால் முடிகிற காரியத்துக்கு, நாங்கள் இருவரும் ஒரு முத்திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இதை நினைக்காத நாள் இல்லை.

அப்பா மறைந்த செய்தியைத் தம்பிக்கு எழுதினேன். சில மாதம் கழித்துப் பதில் வந்தது. அழுததைப் பற்றி அதிகம் எழுதவில்லை. முடிவில் இப்படிக் கேட்டிருந்தான்: "அக்கா, நீதானே அந்தக் கடிதத்தை எழுதியது. அப்பா சொன்னது அந்த வார்த்தைதானா? இங்கே பயம் வரும்போதெல்லாம் அதை நினைத்துக்கொண்டுதான் நிற்கிறேன். உண்மையை எழுது."

அப்பாவின் கடைசிக் காலத்தில் துணை நின்றவர்களுக்கு எங்கள் நன்றி. காய்ச்சலில் கிடந்தவரைக் கட்டிலோடு தோளில் சுமந்து கீழே சேர்த்த மலை மக்களை மறக்க மாட்டோம். அவர் நடந்த பாதையிலேயே அவரைச் சுமந்தார்கள். மருத்துவரை அழைத்துவரத் தம் வண்டியையும் மாட்டையும் எத்தனையோ முறை கொடுத்த அடுத்த வீட்டு பாய் குடும்பத்துக்கும், எங்களை வளர்த்த வாத்தியார் வீட்டாருக்கும், பூசை வைத்த சாமியாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். காகிதம் கிடைக்காத காலத்தில் இந்தச் சில பக்கங்களை அச்சுக் கோத்துத் தந்தவர் அச்சகத்தில் வேலை பார்க்கும் என் கணவர். கோத்துக்கொண்டே, "இதெல்லாம் அச்சுல வரணுமா?" என்று இரண்டு முறை கேட்டார். வரட்டும் என்றேன்.

தம்பிக்கு உரிய பிரதியை மட்டும் நான் இன்னும் அனுப்பவில்லை. அவனுக்குப் பதில் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். வருகிற திங்கட்கிழமை எழுதுவேன், அதில் மாற்றமில்லை. ஓடைக்கரையில் நின்ற மாதிரி இந்த முறை நிற்க மாட்டேன். என்ன எழுதுவது என்பதில்தான் உங்கள் யோசனை வேண்டும். அப்பா சொன்னது "சரி" என்ற ஒரு சொல்தான், மற்றது என்னுடையது என்று எழுதினால், யுத்தத்தின் நடுவில் அவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்? எழுதாவிட்டால், மனமில்லாமல் அனுப்பியும் ஒரு நாள் தவறாமல் அவன் கடிதத்துக்காக மலை ஏறிய தகப்பனை அவன் அறியாமலே போய்விடுவானே. அப்பாவோடு பழகியவர்களும், பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்களும் உங்களில் பலர் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் வருஷப் பூசைக்கு வரும்போது, இந்த மலரை இப்படியே அவனுக்கு அனுப்பலாமா என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.