வம்மிமடுவில் கரைவலை

வாழைச்சேனை பஸ்ஸில் அன்னப்பூரணிக்கு ஜன்னல் ஓரம்தான் வேண்டும். காற்றுக்காக அல்ல, தெருவோரம் நிற்கிற மாடுகளின் விலாவில் சுட்டிருக்கிற குறியைப் பார்ப்பதற்காக. மாடு குறியுள்ள பக்கத்தை மறைத்து நின்றால் எழுந்து பின்கண்ணாடி வரைக்கும் போய், அது திரும்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வந்து உட்காருவார். ஒருநாள் கிரான் சந்தியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, ஒரு செவலைப் பசுவின் பின்னால் நடந்து யாரோ ஒருவருடைய வளவுக்குள்ளேயே போய்விட்டார். குறி வேறு. வீட்டுக்காரி கொடுத்த தேநீரைக் குடித்து, மன்னிப்பும் கேட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார். அந்த வழியில் ஓடுகிற கண்டக்டர்களுக்கு இவரைத் தெரியும். இன்றைக்கு ஏதாவது அகப்பட்டதா என்று கேட்பார்கள். “இல்ல மனே, எல்லாம் ஊரார்ர மாடு” என்று சொல்லிச் செங்கலடிச் சந்தையில் புண்ணாக்கு வாங்க இறங்கிப் போவார்.

அவர் தேடுகிற குறி ஓர் அரைச்சந்திரன். அதற்குக் கீழே ஒரு புள்ளி. அது அவருடைய தகப்பன் வினாயகமூர்த்தியின் பட்டிக் குறி. மாங்கேணிக்கு மேற்கே, காட்டோரத்தில், வம்மிமடு என்கிற நீர்நிலைக்குப் பக்கத்தில் அந்தப் பட்டி இருந்தது. நூற்றிருபது மாடுகள்.

அன்னப்பூரணிக்கு நாற்பத்தெட்டு வயது. நெடிய, ஒட்டிய உடம்பு. சேலைக்கு மேல் கணவரின் பழைய சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொள்வார். மனிதர்களோடு இரண்டு சொல்லில் பேச்சை முடிக்கிறவர் மாட்டோடு நீட்டி முழக்கிப் பேசுவார். மாடுகளை வாய்விட்டு எண்ணமாட்டார்; விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவார். கை இரண்டும் மூடியதும் ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்பவும் தொடங்குவார்.

கணவர் யோகராசா மாட்டுக்காரர் அல்ல. மாங்கேணிக் கரைவலைக்காரர், கரையில் நின்று இழுக்கிற அந்த வலைக்குக் கயிறு எங்கே விழவேண்டும், எப்போது இழுக்கவேண்டும் என்று சொல்கிறவர். சுனாமி அன்று கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். கூட இருந்த அண்ணன்மார் இருவரையும் கடல் கொண்டுபோயிற்று. இவரை ஒரு தென்னை காப்பாற்றியது. அன்றிலிருந்து அவர் கடற்கரைப் பக்கம் போகவில்லை. மனைவியின் தகப்பனுடைய பட்டியில் வந்து ஒதுங்கினார். ஆனால் மாடென்றாலும் பயம். வேலிக்கு வெளியே நின்றுதான் தண்ணீர் ஊற்றுவார்.

இரண்டு வருடம்கூட ஆகவில்லை, சண்டை வந்தது. ஷெல் விழத் தொடங்கிய காலையில் வினாயகமூர்த்தி பட்டி வாசலின் கடப்பைத் திறந்துவிட்டு, மாடுகள் எல்லாம் வெளியே போகும் வரைக்கும் நின்றார். பிறகு மூவரும் காடும் ஆறுமாக நடந்து கிரான் பக்கத்து முகாம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தார்கள். கிழவர் அங்கேயே காலமானார்.

திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. பட்டி இருந்த இடத்தில் கட்டைகள் நட்டிருந்த குழிகள்தான் மிச்சம். காட்டுக்குள் போக முடியாது. மிதிவெடிப் பலகைகள் நின்றன. உதவி நிறுவனங்கள் வந்தன. எல்லாப் பட்டியலிலும் யோகராசா மீனவர் என்றே பதிவாகியிருந்ததால் ஒவ்வொரு முறையும் அவருக்கு வலைதான் கிடைத்தது. பசு வேண்டும் என்று அன்னப்பூரணி கேட்டார். மீனவருக்கு மாடு கொடுக்க அந்தத் திட்டத்தில் இடமில்லை என்றார்கள். அன்னப்பூரணியே வலையைச் சுமந்து வந்து வீட்டு மூலையில் வைத்தார். அப்படி மூன்று முறை. பிரிக்கப்படாத நீல வலைகள் கூரை மட்டத்துக்கு ஏறின. யோகராசா அந்த மூலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவார்.

நாடு முழுக்கச் சண்டை ஓய்ந்து அடுத்த வருடம்தான் வம்மிமடுவுக்கு வழி திறந்தது. அன்னப்பூரணி முதல் நாளே போனார். மடுக்கரைச் சேற்றில் குளம்படிகள் கிடந்தன. மரத்தடியில் ஒளிந்திருந்து பார்த்தார். உச்சி வெயிலில் மாடுகள் தண்ணீருக்கு இறங்கின. அவற்றில் சிலவற்றின் விலாவில் அரைச்சந்திரனும் புள்ளியும் தெரிந்தன. சந்தோசத்தில் எழுந்து, தகப்பன் கூப்பிடுகிற மாதிரியே ஒரு குரல் கொடுத்தார். அவ்வளவுதான். மான் கூட்டம் போல அவை காட்டுக்குள் பாய்ந்து மறைந்தன. மூன்றரை வருடம் மனித வாடை இல்லாமல் இருந்தவை. மனிதர் என்றால் ஓடவேண்டும் என்று மட்டும் படித்திருந்தன.

இதைக் கேள்விப்பட்டு இறைச்சி வியாபாரி ஒருவர் வந்தார். காட்டில் நிற்கிறதை நிற்கிறபடியே வாங்கிக்கொள்வதாகவும், சுட்டுப் பிடிப்பது தன் பொறுப்பு என்றும் சொன்னார். கட்டாரில் வேலை செய்யும் அன்னப்பூரணியின் தம்பி உதயரூபனுக்கும் பட்டியில் பாதி உண்டு. அவருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. கட்டை இல்லை, கம்பி இல்லை, ஆள் இல்லை, ஒரு மாடாவது கையில் இல்லை. எதை வைத்துப் பட்டி நடத்தப் போகிறாய் என்று தொலைபேசியில் கேட்டார். அன்னப்பூரணி தவணைதான் கேட்டார்.

“இந்த வெயில் காலத்த மட்டும் எனக்குத் தா தம்பி. மழ வந்தா உன்ட விருப்பம்.”

மழை வந்தால் காடு முழுக்கத் தண்ணீர். மாடுகள் மடுவுக்கு வரவேண்டியதில்லை. மிஞ்சிப்போனால் இரண்டு மாதம்.

ஓட்டமாவடி அசனார் அந்த நாட்களில்தான் வந்தார். முன்பு பட்டிப் பாலை மோட்டார் சைக்கிளில் எடுத்துப் போனவர். விசயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ஆளக் கண்டு ஓடுற மாடு, மாட்டக் கண்டு ஓடாது தங்கச்சி. என்ட பசு சிவப்பிய அனுப்புறன். கண்டோட சேத்து மடுக்கரையில கட்டு.”

அன்னப்பூரணி தயங்கினார். இதை எப்படித் திருப்பிச் செய்வது என்று நினைத்தாரோ என்னவோ. அசனார் சிரித்தார். “புண்ணியத்துக்குத் தரல்ல. எனக்குப் பால் வேணும்.”

சிவப்பியும் கன்றும் வந்தன. யோசனை வேலை செய்தது; காட்டு மாடுகள் சிவப்பியின் பக்கத்தில் வந்து நின்றன, மூக்கால் மணந்து பார்த்தன, சில அங்கேயே படுத்து அசைபோட்டன. ஆனால் மனித நிழல் தெரிந்தால் போதும், பாய்ந்துவிடும். அவற்றை வளைக்க வேலி வேண்டும். காட்டு மரம் தறிக்க அனுமதி இல்லை, முள்ளுக்கம்பிக்கு வழியில்லை. விழுந்து கிடந்த கிளை அலம்பல்களை இழுத்துக் கணவனும் மனைவியும் கட்டி முடித்தது, ஒரு சின்ன அடைப்பு மட்டும்தான். சிவப்பியையும் கன்றையும் அதற்குள் மாற்றிக் கட்டினார்கள். மாடுகள் அதற்குள் தாமாகப் போகுமா?

ஒருநாள் யோகராசா மடுவைத் தூரத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். மடு வளைந்து கிடக்கிற விதம், மாடுகள் இறங்குகிற துறை, அடைப்பு இருக்கிற பக்கம். வீட்டுக்கு வந்து, மூலையில் கிடந்த வலைக்கட்டு ஒன்றை வாசலுக்கு இழுத்தார். குந்தியிருந்து கட்டை அவிழ்த்தார். அன்னப்பூரணி அடுப்படியில் இருந்து பார்த்தார், கிட்டப் போகவில்லை.

“மாடு நினைச்சா வலையக் கிழிச்சிப்போட்டுப் போயிரும் பூரணி” என்றார் அவர், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஆனா கிழிக்கலாமெண்டு அதுக்குத் தெரியாது. தெரியவிடாமப் பாக்கிறதுதான் நம்மட வேல.”

முதல் நாள் வலையை மடுவின் இரண்டு பக்கமும் தரையில் சும்மா விரித்துவிட்டு வந்தார்கள். மாடுகள் மணந்து பார்த்துவிட்டு ஓடிப்போயின. இரண்டு நாள் வரவில்லை. அன்னப்பூரணி சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தாகம் அவற்றைக் கொண்டுவந்தது. பிறகு வலை முழங்கால் உயரத்துக்கு ஏறியது, நாலு நாள் கழித்து இடுப்பளவு, பிறகு ஆளுயரம். காற்றில் அசைந்து மிரட்டாமல் இருக்க அடியில் மண் மூட்டை. அடைப்புப் பக்கம் குறுகி, காட்டுப் பக்கம் வாய் விரிந்து, கரைவலையின் அமைப்பிலேயே வளைத்தார். ஒவ்வொரு நாளும் வாயை ஐந்தாறு அடி ஒடுக்குவார். ஒருநாள் அன்னப்பூரணி அவசரப்பட்டு இருபது அடி ஒடுக்கலாமா என்று கேட்டதற்கு அவர் எரிந்து விழுந்தார். திருமணமாகி அவர் மனைவியைக் கடிந்துகொண்டது அதுதான் முதல் தடவை என்று அன்னப்பூரணி சொல்வார். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

இருபத்துமூன்றாம் நாள், உச்சி வேளையில், மாடுகள் எல்லாம் தண்ணீரில் வாய் வைத்த நேரத்தில் யோகராசா கையை உயர்த்தினார். இரண்டு பேரும் இரண்டு கரையில் புதர் மறைவில் நின்று கயிற்றை இழுத்தார்கள். வலையின் வாய் மெல்ல மூடியது.

ஒரு கறுப்புக் காளை தலையை நிமிர்த்தியது. திரும்பி, நேராக யோகராசா நின்ற இடத்துக்கு நடந்து வந்தது. அதன் கொம்பு நுனி வலைக்கண்ணுக்குள் புகுந்து வலையைத் தூக்கியது. வேலிக்கு வெளியே நின்று தண்ணீர் ஊற்றுகிற மனிதருக்கும் அந்தக் காளைக்கும் நடுவே நைலோன் நூல் மட்டும்தான். கயிற்றை விட்டுவிட்டு ஓடிவிடுவார் என்றுதான் அன்னப்பூரணி நினைத்தார். கத்தவும் முடியாது, கத்தினால் எல்லாம் கலையும்.

அவர் ஓடவில்லை. கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, “போ ராசா... அங்கால போ” என்று மெதுவாகச் சொன்னார். காளை மூசியது. அடைப்புக்குள் கட்டியிருந்த சிவப்பி கன்றைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தது. இரண்டு பசுக்கள் அந்தப் பக்கம் நடந்தன. பின்னால் மற்றவை நடந்தன. காளை கொம்பை மெல்ல விடுவித்துக்கொண்டு கடைசியாகப் போனது.

கடப்புக் கட்டையைப் போட்டதும் யோகராசா மரத்தடியில் போய் மல்லாந்து படுத்துவிட்டார். அன்னப்பூரணி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து விரல்களை மடக்கினார். நாலு தரம் இரண்டு கையும் மூடி, மூன்று விரல்.

கிராம அதிகாரி விதானையாரும் பக்கத்துப் பட்டிக்காரர் இருவரும் வந்து குறி பார்த்தார்கள். பதினேழு, வினாயகமூர்த்தியின் குறி. இருபது, அவற்றோடு காட்டில் பிறந்த குறியில்லாதவை. அவை தாய்ப்பசுவின் சொந்தக்காரருக்கே சேரும். ஆறு, வேறொருவருடைய குறி. அந்த ஆறையும் அன்னப்பூரணியே சொந்தக்காரருக்கு ஆள் விட்டுச் சொல்லியனுப்பி ஒப்படைத்தார். விற்கிற கதையை இனி எடுக்கவேண்டாம் என்று சொல்லத்தான் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தார். உதயரூபன் நடந்ததை முழுக்கக் கேட்டார்.

“அக்கா, நான் வளத்த சுட்டி மாடு நிக்கிதா?”

“நிக்கிது. ஒரு கொம்பு மட்டும் இல்ல.”

அதற்குப் பிறகு அவர் விலையைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது பட்டியின் கன்றுக் கொட்டிலுக்குக் கூரை, முகாமில் கிடைத்த தறப்பாள் சீட்டு, அதிலிருந்த நிறுவனப் பெயர் மங்கிவிட்டது. தண்ணீர்த் தொட்டி, நிவாரணமாகக் கிடைத்த தண்ணீர்த் தாங்கியை இரண்டாக அறுத்தது. வேலி, நீல வலை. அதன் பின்னால் அலம்பல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. யோகராசா கடப்பில் போடுகிற கடல் முடிச்சை அசனாருக்கு அவிழ்க்கத் தெரியாது. பால் எடுக்க வந்தால் வெளியே நின்று கூப்பிடுவார். கறக்கப் பழகி வாலாயமானவை ஒன்பது பசுக்கள். மற்றவை இன்னும் உதைக்கின்றன. அன்னப்பூரணியின் முழங்கையில் அதற்கு அடையாளம் இருக்கிறது. இன்னும் எத்தனையோ அரைச்சந்திரன் காட்டில் நிற்கலாம், எவருடைய தொழுவத்திலும் நிற்கலாம் என்பதால் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை அவர் விட்டுக்கொடுப்பதும் இல்லை.

புரட்டாதி மாதத்து மத்தியானம் ஒன்றில் நான் பட்டிக்குப் போனபோது அன்னப்பூரணி தூங்கிக்கொண்டிருந்தார். கொட்டில் நிழலில் சாக்கு விரித்து, மாடுகள் அசைபோடுகிற சத்தத்துக்கு நடுவே, வாய் சற்றுத் திறந்திருக்க ஆழ்ந்த தூக்கம். காட்டில் பிறந்த கன்று ஒன்று வந்து, நீட்டிக் கிடந்த அவருடைய வலது கையில் காய்ந்த வியர்வையை நக்கத் தொடங்கியது. உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை வரைக்கும் நக்கி முடித்தது. பிறகு மூக்கால் அவருடைய விலாவை இடித்தது. அன்னப்பூரணி கண்ணைத் திறக்கவில்லை. ஒருக்களித்துப் புரண்டு மற்றக் கையை நீட்டினார்.